புறநகர் ரயில் நிலையங்களைச் சுற்றி அடர்த்தியைக் கூட்டுவது: கட்டடம் முதலிலா, நடைபாதை முதலிலா?

தென்புறநகர்வாசி எழுதியது:

சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 2022ஆம் ஆண்டில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அதற்குள் தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள மின்சார ரயில் நிலையங்களும் வந்துவிட்டன. 2026 முதல் 2046 வரை நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தைப் பற்றிய பேச்சில், ரயில் நிலையங்களைச் சுற்றி 500 மீட்டருக்குள் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி தர வேண்டும் என்ற கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. நிலையத்துக்கு அருகில் மக்கள் குடியிருந்தால் வண்டி வாகனங்கள் குறையும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் எனக்குக் கவலை.

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே உள்ள ஒரு நிலையத்தின் மேற்குப் பக்கத்தில் பதினொரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் நிலையத்தின் பெயர்ப்பலகை தெரியும். வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் 400 மீட்டர்தான். ஆனால் பயணச்சீட்டு வழங்குமிடமும் வாசலும் கிழக்கே ஜி.எஸ்.டி. சாலையை, அதாவது தெற்கே போகும் பெரிய நெடுஞ்சாலையைப் பார்த்து இருக்கின்றன. தண்டவாளத்தைக் கடப்பதற்கான நடைமேம்பாலம் நடைமேடையின் வடகோடியில் இருக்கிறது. மதில் ஓரமாகச் சுற்றிப் படியேறி இறங்கினால் 1,150 மீட்டர் ஆகிறது. காலை ஏழே முக்காலுக்கு அந்தப் படியில் இரண்டு கையிலும் பையோடு ஏறும் பூக்காரப் பெண்மணிகள் பாதியில் நின்று மூச்சு வாங்குவதை நாள்தோறும் பார்க்கிறேன். என் தெருக்காரர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் சுற்றி வந்து, கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ரயிலேறுகிறார்கள். நிறுத்துமிடக் கட்டணம் ரயில் சீசன் டிக்கெட்டைவிடக் கூடுதலாக ஆகிறது.

இந்த நிலையைச் சரிசெய்யாமல், வரைபடத்தில் 500 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் அடுக்குமாடிகளைக் கொண்டுவந்தால், அங்கு வந்து குடியேறுகிறவர்களும் வாகனத்தோடுதான் வருவார்கள். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

நெருலிலிருந்து எழுதியது:

நான் பதினான்கு ஆண்டுகள் நவி மும்பையில் நெருலில் குடியிருந்தேன். இப்போது வேளச்சேரியில் இருக்கிறேன். இரண்டு ஊர்களின் ரயில் பாதைகளையும் ஒப்பிடுவதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. மான்குர்டிலிருந்து வாஷி வழியாக பேலாப்பூர் சென்ற பாதைக்கான செலவில் சுமார் 67 விழுக்காட்டை நவி மும்பையை உருவாக்கிய மகாராஷ்டிர அரசு நிறுவனமான சிட்கோ ஏற்றது. மீதி 33 விழுக்காட்டை ரயில்வே ஏற்றது. சென்னையில் உயரத் தூண்களின் மேல் ஓடும் நமது பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டத்தில், அதாவது திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரை, தமிழ்நாடு அரசும் ரயில்வேயும் பகிர்ந்துகொண்ட விகிதமும் அதுவேதான். பணம் போட்ட விகிதம் ஒன்றாக இருந்தும் விளைந்தது ஒன்றாக இல்லை.

வாஷிக்கு 1992இல் ரயில் வந்தது. நிலையத்துக்கு மேலேயே அலுவலக வளாகம் எழுந்தது. நெருலில் தண்டவாளத்துக்கு அடியில் அகலமான சுரங்கப்பாதை கிழக்கையும் மேற்கையும் இணைக்கிறது. அதன் இரு வாய்களிலும் பேருந்து நிற்கும். மாலையில் ரயிலை விட்டு இறங்கி, சுரங்கப்பாதைக் கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு, சாலையைக் கடக்காமலே பேருந்து ஏறிவிடலாம். சிட்கோ நிலத்தையும் வைத்திருந்தது, ரயிலுக்கும் பணம் போட்டது, பயணச்சீட்டில் ஒரு மேல்வரியையும் வசூலித்தது. நிலையம் கட்டியதால் ஏறிய நில மதிப்பு நிலையம் கட்டியவரிடமே திரும்பியது. சீவுட்ஸ் நிலையத்தில் மேற்தளத்தைக் கட்டும் உரிமையை ஏலம் விட்டு, நிலையத்தையே தனியாரைக் கொண்டு கட்டவைத்ததும் அந்த வழியில் வந்ததுதான்.

பறக்கும் ரயிலில் நிலையக் கட்டடங்கள் பெரிதாகவே கட்டப்பட்டன. வணிகத்துக்கென விடப்பட்ட தளங்கள்தான் ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடந்தன. சுற்றியுள்ள நிலம் யாரிடமோ இருந்தது, நிலையம் வேறொருவரிடம், பேருந்து மூன்றாமவரிடம்.

தூணும்பாலமும் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன செலவுப் பங்கு சரி. ஆனால் ஒப்பீட்டில் ஒரு திருத்தம் தேவை. பாலப் பணிகளில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

சிட்கோ 1970இல் தொடங்கப்பட்டது; 95 கிராமங்களின் நிலம் அதன் திட்ட எல்லைக்குள் வந்தது. பெரும்பகுதி வயலும் உப்பளமும். ஊரும் ரயிலும் ஒன்றாகவே வரையப்பட்டன. பறக்கும் ரயில் வந்தபோது மயிலாப்பூரும் மந்தைவெளியும் நூற்றாண்டுகளாக இருந்த ஊர்கள். நிலம் எடுப்பதைத் தவிர்க்கவே பக்கிங்காம் கால்வாயைப் பாதையாக எடுத்துக்கொண்டார்கள். கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். அதன் விலையைப் பயணி கொடுக்கிறார். கால்வாயைத் தாண்ட பாலம் இல்லாத இடத்தில் எதிர்க்கரையில் வீடு வைத்திருப்பவருக்கு அந்த நிலையம் எட்டாத தூரம். நிலம் எங்கே எளிதாகக் கிடைக்கிறதோ அங்கே தண்டவாளம் போட்டால், மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். கடைசியில் நிலம் எடுத்தே ஆக வேண்டிய இடம் வந்தபோது என்ன ஆயிற்று? வேளச்சேரிக்கு 2007இல் ரயில் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நிலத்துக்கான தகராறு, மற்ற தூண்கள் அனைத்தும் எழுந்து நின்ற பிறகும் பணியைப் பல ஆண்டுகள் நிறுத்திவைத்தது.

இதே பாதையில் பலித்த இடம் ஒன்றும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. தகவல் தொழில்நுட்ப அலுவலக வளாகமான டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டது. எதிரே திருவான்மியூர் நிலையம் 2004இல் வந்தது. காலையில் அந்த நிலையத்தின் படியில் நின்று பாருங்கள், கூட்டம் கூட்டமாக இறங்கி நடந்தே வேலைக்குப் போவார்கள். வீட்டிலிருந்து நிலையத்துக்கு வர ஒருவர் வண்டியோ ஷேர் ஆட்டோவோ தேடிக்கொள்வார். மறுமுனையில் இறங்கியதும் அவரிடம் வண்டி இருக்காது. ஆகவே நிலையத்தை ஒட்டி முதலில் வர வேண்டியது அலுவலகமும் கல்லூரியும் மருத்துவமனையும் என்பது என் துணிந்த கருத்து. அடுக்குமாடி வீடு அடுத்த வட்டத்தில் வரலாம்.

முதல்வீடு எழுதியது:

ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் என் மனைவியும் முதல் வீடு வாங்கப் பார்க்கிறோம். எல்லா விளம்பரத்திலும் 'ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை' என்று இருக்கிறது. கூடுதல் மாடிக்கு அனுமதி கிடைத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டின் விலை குறையுமா?

மனைவரைபடம் எழுதியது:

நகரமைப்பு படித்து, இப்போது மனைப்பிரிவு அனுமதிக்கான வரைபட வேலையில் இருக்கிறேன். முதல்வீடு அவர்களின் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அனுமதி அறிவிக்கப்பட்ட அன்றே நிலத்தின் விலை அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிடும். முன்பு நாலு வீடு கட்டக்கூடிய மனையில் ஆறு வீடு கட்டலாம் என்றால், மனைக்காரர் ஆறு வீட்டுக்கான விலையைக் கேட்பார். வீடுகள் பல இடங்களில் பெருமளவில் வந்தால்தான் விலை இறங்கும்; ஒரு நிலையத்துக்கு மட்டும் தரப்படும் சலுகை நிலத்துக்காரரிடமே தங்கிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சாலை அகலத்தில் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தபோது, தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, பொதுவாக 2 என்று வைக்கப்பட்டது. உயரமான கட்டடத்துக்கு 3.25, அதற்கு முன்னால் 18 மீட்டர் அகலச் சாலை இருக்க வேண்டும். பணம் கட்டிப் பெறும் கூடுதல் பரப்பும் சாலையைப் பொறுத்ததே: 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 விழுக்காடு, 12 முதல் 18 வரை 40, 9 முதல் 12 வரை 30. ஒன்பது மீட்டருக்குக் குறைந்த சாலைக்கு அதில் இடமே இல்லை.

இப்போது தாம்பரத்துக்குத் தெற்கே நிலையங்களின் பின்புறம் போய்ப் பாருங்கள். பழைய மனைப்பிரிவுகளில் தெரு இருபது அடி அல்லது இருபத்து நான்கு அடி. மீட்டரில் ஆறு, ஏழு. மனை அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு. ஆகவே 500 மீட்டர் வட்டத்துக்குள் எவ்வளவு தாராளமாகக் குறியீட்டை உயர்த்தினாலும், அதைப் பயன்படுத்தக்கூடியவர்கள் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்துப் பெரிய நிலம் வைத்திருக்கும் சிலர் மட்டுமே. நிலையத்துக்கு நெருங்கிய பின்தெருக்காரருக்கு எதுவும் கிடைக்காது. தெருவின் அகலத்தை விட்டுக்கொடுத்து, அங்கேயும் ஐந்தாறு மாடிக்கு அனுமதி தந்தால், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருவில் நூறு குடும்பங்களை வைப்பதாக ஆகிவிடும். அந்த விதியைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு வழி தெருவையும் மனையையும் சேர்த்து மறுவரைவு செய்வதுதான். குஜராத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் நகரமைப்புத் திட்டங்களில், ஒரு பகுதியின் நில உரிமையாளர்கள் எல்லோரும் தத்தம் மனையில் ஒரு பங்கைச் சாலைக்கும் பூங்காவுக்கும் விடுகிறார்கள். மிச்சம் ஒழுங்கான மனையாக அதே இடத்துக்கு அருகிலேயே திரும்பக் கிடைக்கிறது. அகமதாபாத்தின் பெரும்பகுதி அப்படி உருவானது. ஜப்பானிலும் டோக்கியோவின் மேற்கே புறநகர்ப் பாதை போட்டவர்கள் விவசாயிகளோடு சேர்ந்து இதையே செய்தார்கள். வீடு கட்டி முடிந்த மனைப்பிரிவில் இது கடினம், மறுக்கவில்லை. ஆனால் சிங்கப்பெருமாள் கோயில், பரனூர் பக்கங்களில் இன்னும் காலி நிலம் இருக்கிறது. அங்கே இந்த ஆண்டுகளைத் தவறவிட்டால், இருபதடித் தெருக்கள் அங்கும் வந்துவிடும். பிறகு எந்த முழுமைத் திட்டத்தாலும் அவற்றை அகலமாக்க முடியாது.

கரையோரம் எழுதியது:

இந்த இழையில் நிலத்தைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசப்படுவதை அக்கறையோடு படித்துவருகிறேன். யார் அருகில் இருப்பார்கள் என்பதையும் பேச வேண்டும்.

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்த குடும்பங்கள் நகரின் தெற்கே தொலைவில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் பறக்கும் ரயில் நிலையங்களுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள். ரயிலைக் கட்டாயமாக நம்பியிருப்பவர் யாரோ அவரை அகற்றிவிட்டு, இரண்டு கார் வைத்திருப்பவரை அங்கே குடிவைத்தால், நிலையத்தில் கூட்டம் எங்கிருந்து வரும்? பெரும்பாக்கத்தில் நான் வாரந்தோறும் சந்திக்கும் அக்கா ஒருவர் மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலை செய்துவந்தார். குடிபெயர்ந்த பிறகு விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்தார். நான்காம் மாதத்தில் இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரே வீடு.

இன்னொன்றும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மின்சார ரயிலின் குறைந்தபட்சக் கட்டணமான 5 ரூபாய்கூட அந்த அக்காவுக்குக் கணக்குத்தான். ஒரு பெண் ரயிலைவிட்டு இரண்டு பேருந்து மாறிப் போனால், அவருடைய நேரத்தைவிடக் காசு அவருக்கு இறுக்கமாக இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். நிலையத்தை ஒட்டிய அரசு நிலத்திலும் ரயில்வேயின் காலி இடத்திலும் எது கட்டினாலும், அதில் ஒரு பகுதி வாடகைக் குடியிருப்பாகவும் பெண் தொழிலாளர் விடுதியாகவும் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுத வேண்டும். 'பரிசீலிக்கலாம்' என்று எழுதினால் அது நடக்காது.

நெருலிலிருந்து எழுதியது:

கரையோரம் அவர்கள் சொன்னதைப் படித்த பிறகு, நவி மும்பையைப் பற்றி நான் எழுதியதில் விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். சிட்கோவிடம் நிலம் இருந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அந்த நிலம் அங்கே வாழ்ந்த விவசாய, மீனவச் சமூகங்களான ஆக்ரி, கோலி மக்களுடையது. இழப்பீடு போதாது என்று 1984 ஜனவரியில் ஜாசை கிராமத்தில் விவசாயிகள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். எடுத்த நிலத்துக்கு ஈடாக 12.5 விழுக்காடு மேம்படுத்திய மனையாகத் திருப்பித் தரும் முறை அதற்குப் பிறகே வந்தது. மனைவரைபடம் சொல்லும் மறுவரைவு முறையில் உரிமையாளர் தொடக்கத்திலேயே பங்காளியாகிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் ஆதரிப்பேன்.

ஏரிக்கரை எழுதியது:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. ரயில் பாதையின் மண் கரையே ஒரு நீண்ட அணை என்பதை மறக்கக் கூடாது. மேற்கிலிருந்து கிழக்குக்கோ கிழக்கிலிருந்து மேற்குக்கோ மழைநீர் போக வேண்டுமானால், அந்தக் கரையின் அடியில் உள்ள சில மதகுகள்தான் வழி. நந்திவரம் ஏரி, பொத்தேரி ஏரி, கொளவாய் ஏரி எல்லாம் இந்தப் பாதையை ஒட்டியே இருக்கின்றன. நந்திவரத்தின் உபரிநீர் அடையாற்றை நோக்கிப் போகிறது. 2015இல் அடையாறு பெருகியபோது முடிச்சூர் என்ன பாடுபட்டது என்பது எல்லோரும் அறிந்ததே.

இப்போது வயலாகவும் தரிசாகவும் இருக்கும் இடம் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே அடர்த்தியைக் கூட்டினால் அந்த நீர் அனைத்தும் வாய்க்காலுக்கு வரும். நிலையத்தைச் சுற்றி வட்டம் போடுகிறவர்கள் முதலில் ஏரி, கால்வாய், உபரிநீர் வழி ஆகியவற்றை அந்த வட்டத்திலிருந்து வெட்டி எடுத்துவிட வேண்டும். சில நிலையங்களில் வட்டம் பாதியாகிவிடும். ஆகட்டும், பாதி வட்டத்துக்குள் கட்டினால் போதும். தூணும்பாலமும் அவர்களிடம் ஒரு கேள்வி: சுரங்கப்பாதை வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், இந்த மண்ணில் மழைக்காலத்தில் அது தாங்குமா?

தூணும்பாலமும் எழுதியது:

கட்டுவதைவிட நீரை வெளியேற்றுவதுதான் சிக்கல். சுரங்கப்பாதையின் தரைமட்டம் பக்கத்து வாய்க்காலின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால், மோட்டார் வைத்து இறைத்தே ஆக வேண்டும். மின்சாரம் போனால் பாதை மூடப்படும். ஏரிக்குக் கீழ்ப்பக்கம் உள்ள நிலையங்களில் நான் மேம்பாலத்தையே பரிந்துரைப்பேன். ஆனால் மின்தூக்கியும் நகரும் படியும் இல்லாத மேம்பாலம் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் மூடிய கதவுதான். மாம்பலத்தில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர், செலவு 28.45 கோடி ரூபாய். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்காமல் ரயிலிலிருந்து பேருந்துக்குப் போக அது வழி செய்தது. நிலையம் ஒன்றுக்கு அந்த அளவு பணம் ஒரு பெரிய மேம்பாலச் சாலையின் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

தென்புறநகர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் தொடங்கியபோது நடைபாதை ஒன்றைத்தான் நினைத்திருந்தேன். இப்போது என் கோரிக்கை விரிந்துவிட்டது.

கிளாம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று 88 ஏக்கரில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே மின்சார ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்து விடியற்காலையில் இறங்கியவர்கள், குழந்தையும் மூட்டையுமாக அடுத்த வண்டியைத் தேட வேண்டியிருந்தது. முனையத்தையும் நிலையத்தையும் நடைபாலத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒரே நாளில் திறப்பதற்கான அதிகாரம் ஓரிடத்தில் இருந்திருந்தால் இது நேர்ந்திராது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே வந்தது. அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தப் பாதையை ஒட்டி எத்தனை மனைப்பிரிவுகள் எழுந்தன என்பதை இங்கே குடியிருப்பவர்கள் அறிவார்கள்.

ஆகவே, நான் எழுதி அனுப்பவிருக்கும் கருத்து மனுவில், கூடுதல் தளப்பரப்பை அறிவிக்கும் முன் ஒவ்வொரு நிலையத்துக்கும் நடந்து செல்லும் உண்மையான தூரத்தைக் கொண்டு வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று கேட்கிறேன். பத்து நிமிடத்தில் காலால் எட்டக்கூடிய இடம் எதுவோ, அதற்கு மட்டுமே அந்தச் சலுகை. இரு பக்கமும் வாசலும் மின்தூக்கியும் வந்த பிறகே அந்த நிலையத்தில் சலுகை நடைமுறைக்கு வர வேண்டும். கூடுதல் பரப்புக்காக வசூலிக்கும் தொகை அந்த நிலையத்தின் நடைபாதைக்கும் வாடகைக் குடியிருப்புக்குமே போக வேண்டும். ரயில்களின் எண்ணிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன; அதற்கப்பால் விரைவு ரயில்களோடு பாதையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு ரயிலைத் தவறவிட்டால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டிய நிலையத்தை நம்பி, யாரும் தம் வண்டியை விற்கமாட்டார்கள்.

மனைவரைபடம் எழுதியது:

மனுவோடு வரைபடம் இணைக்க வேண்டுமானால் நான் வரைந்து தருகிறேன். உங்கள் நிலையத்தின் மேற்குப் பக்கத்தில் எந்தெந்தத் தெரு மதிலில் போய் முட்டுகிறது, எங்கே புறம்போக்கு நிலம் வழியாகப் பாதை திறக்கலாம் என்று நடந்து பார்த்துக் குறித்து அனுப்புங்கள். ஓரிரண்டு மதில்களில் வழி விட்டாலே தூரம் பாதியாகும் என்று நினைக்கிறேன்.

முதல்வீடு எழுதியது:

இங்கே படித்த பிறகு, நேற்று ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் நாங்கள் பார்த்துவைத்திருக்கும் அடுக்குமாடியிலிருந்து நிலையத்துக்கு நடந்தே போனோம். விளம்பரத்தில் ஐந்து நிமிடம். எங்களுக்குப் பதினேழு நிமிடம் ஆனது. நேராகப் போகும் தெரு ஒரு மதிலில் முடிகிறது. மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் செங்கல்லைப் பெயர்த்து வழி செய்திருக்கிறார்கள். அதன் வழியாகப் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் தண்டவாளத்தைக் கடந்து போனதைப் பார்த்தோம். என் மனைவி அவர்கள் மறுபக்கம் ஏறும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மதில் இருக்கும் இடத்தையும் தெருவின் பெயரையும் மனைவரைபடம் அவர்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். முதலில் அங்கே பாதை கேளுங்கள். முன்பணம் கொடுப்பதை ஐப்பசி மழை முடியும் வரை தள்ளிவைத்திருக்கிறோம். ஏரிக்கரை அவர்கள் சொன்னபடி, மழை பெய்த மறுநாள் அதே வழியில் இன்னொரு முறை நடந்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.